பச்சையாத்தானே கிடக்கு

நகரசபை அலுவலகத்தில் முறைப்பாடு கேட்கும் மேசையில் எனக்கு வேலை. குப்பைத் தொட்டியை எடுக்கவில்லை, பக்கத்து வீட்டு மரத்தின் இலை எங்கள் கூரைப் பீலிக்குள் விழுகிறது, முன்வீட்டுக்காரர் தன் படகை எங்கள் வாசலில் நிறுத்துகிறார். மேற்குச் சிட்னியில் மனிதர்கள் எதற்கெல்லாம் மனம் நொந்துபோவார்கள் என்பது எனக்கு அத்துபடி. தொட்டி ஒரு நாள் பிந்தினால் போதும், தொலைபேசியில் அழுதுவிடுவார்கள். நானும் "உங்கள் வேதனை புரிகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். அதற்குத்தான் சம்பளம். இப்படிப்பட்ட ஊரில், "வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது" என்று கேட்பதற்கென்றே ஒரு செயலியைச் செய்து கையில் கொடுத்தும், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாத ஒருவரை நான் கலியாணம் கட்டியிருக்கிறேன்.

பேசத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். என் கணவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு சிட்னித் தமிழருக்குத் தெரியும். பழைய மாணவர் சங்க இராப்போசனம், அரங்கேற்றம், அறுபதாம் கலியாணம், அந்தியேட்டி, எதுவானாலும் "இரண்டு வார்த்தை" பேச எழும்புவார். சாப்பாடு ஆறிப்போகும். அப்படிப்பட்டவருக்கு வருத்தம் தொண்டையில் வந்தது. "இடம் பார்த்துத்தான் வந்திருக்கு" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். அவருடைய அக்கா சிரிக்கவில்லை.

அந்த அக்கா எனக்கு மச்சாள். பென்டில் ஹில்லில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். அந்தத் தூரம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கலாம் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. தாயில்லாத வீட்டில் இரண்டு தம்பிமாரையும் வளர்த்து ஆளாக்கியவர் என்பதால் அவர் சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் மறுபேச்சுக் கிடையாது. புற்றுநோய் என்ற சொல் அவர் வாயில் வராது. "தம்பிக்குத் தொண்டையில ஒரு புண். லைற் பிடிக்கினம்" என்று மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவைத்திருந்தார். லைற் பிடிப்பது என்றால் கதிர்வீச்சு. ஏதோ படப்பிடிப்புக்குப் போகிறவரைப்போல.

கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள், ஒன்றரை மாதத்துக்கு மேல் நீளும் என்றார்கள். முதலில் முகத்துக்கு அளவெடுத்து, வலைபோன்ற பிளாஸ்ரிக்கில் ஒரு முகமூடி செய்தார்கள். மேசையில் படுக்கவைத்து, முகமூடியை முகத்தின்மேல் வைத்து, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். கதிர் மயிரிழைகூட விலகக் கூடாதாம். "இவ்வளவு காலமும் என்னால முடியாததை இவங்கள் செய்துபோட்டாங்கள், உங்கட வாயைப் பூட்டிப்போட்டாங்கள்" என்று அதற்கும் பகிடி விட்டேன். பயம் வந்தால் எனக்குப் பகிடி வரும். வேறு மருந்து இல்லை.

சிகிச்சை தொடங்கும் முன் மருத்துவர் எங்களை இருத்தி இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எடை குறையக் கூடாது, குறைந்தால் முகம் வற்றி முகமூடி தளர்ந்துவிடும், எல்லாவற்றையும் புதிதாக அளவெடுக்க வேண்டிவரும். இடையில் நாள் விடக் கூடாது, விட்டால் நோய்க்கு மறுபடி எழும்ப நேரம் கொடுத்ததாகிவிடும். போகப் போகத் தொண்டை புண்ணாகும், விழுங்குவது கடினமாகும், ஆனால் அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது, எங்களுக்குச் சொன்னால் போதும் என்றார். என் கணவர் "ஷுவர் டொக்டர், நோ ப்ரொப்ளம்" என்றார். அந்த "நோ ப்ரொப்ளம்" அவருடைய ஆங்கிலத்தில் பாதி.

சொல்வதற்கு வழியாகத்தான் அந்தச் செயலி. காலையில் ஏழு கேள்வி கேட்கும். வலி, விழுங்குதல், வாய் உலர்வு, ருசி, தோல், களைப்பு, மனநிலை. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து பத்துவரை விரலால் இழுத்துவிட வேண்டும். பூச்சியத்தில் ஒரு மஞ்சள் முகம் சிரிக்கும். இழுக்க இழுக்க அதன் வாய் கோணும். பத்தில் கண்ணீர் விடும். குறைந்த எண்ணுக்குப் பச்சை, நடுவுக்குச் செம்மஞ்சள், மேலே போனால் சிவப்பு. நிறம் மாறினால் மருத்துவமனையிலிருந்து தாதி அழைத்து விசாரிப்பாள். பச்சையாக இருப்பவர்களைத் தொந்தரவு செய்வதில்லை என்று அவளே சொன்னாள்.

எங்கள் மகள் நகரத்துக்குள் தனியாக இருக்கிறாள். சனி ஞாயிறில் வந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டு போவாள். அவள்தான் செயலியைத் தகப்பனின் தொலைபேசியில் ஏற்றினாள். அதில் ஒரு வசதி இருப்பதையும் கண்டுபிடித்தாள். பராமரிப்பவர்கள் என்று ஐந்து பேரைச் சேர்க்கலாம், நோயாளி அழுத்தும் நிறம் அந்த ஐந்து பேருடைய தொலைபேசிக்கும் உடனே போகும். அவள் தன்னையும் என்னையும் சேர்த்தாள். அவ்வளவில் விட்டிருக்கலாம். மெல்பேர்னில் இருக்கும் சித்தப்பா, அதாவது என் கணவரின் தம்பி, தொலைபேசியில் கேட்டபோது பாசத்தில் அவனையும் சேர்த்துவிட்டாள்.

தம்பியைச் சேர்த்தால் தம்பியின் மனைவியை விடலாமா? அட்டையில் ஒருவர் பெயரை மட்டும் எழுதிக் கலியாணத்துக்கு அழைத்ததுபோல் ஆகாதா? அவளும் சேர்ந்தாள். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் டொக்டர். பல் டொக்டர்தான், ஆனால் எங்கள் குடும்பத்தில் டொக்டர் என்றால் டொக்டர். அவர் இல்லாமல் ஒரு வருத்தத்தைப் பார்ப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. அவரும் சேர்ந்தார். ஐந்து இடமும் நிரம்பிய பிறகுதான் மச்சாளுக்குச் செய்தி எட்டியது. கோயிலில் பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது, யாரோ ஒருவர் "தம்பிக்கு இண்டைக்குப் பச்சையாமே" என்று கேட்டுவிட்டார்.

மச்சாள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"மெல்பேர்னில இருக்கிறவைக்குத் தெரியுது, கனடாவுக்குத் தெரியுது. நான் என்ன பிறத்தியே? தூக்கி வளர்த்தவள் நான்."

"அப்பிடி இல்லை மச்சாள், அதில அஞ்சு பேருக்குத்தான் இடம்."

"அஞ்சு பேரில நான் வரமாட்டன், என்ன?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். கலியாண வீட்டில் முதல் வரிசைக் கதிரை போதாவிட்டால் எழும்புவது யார் என்று கேட்காமல் கேட்கும் பார்வை. மச்சாளே வழியும் சொன்னார். "நீர் வீட்டிலதானே இருக்கிறீர். கண்ணால பார்க்கிற ஆளுக்கு ஆப் எதுக்கு?" அதுவும் சரிதானே. மகளிடம் சொல்லி என் பெயரை எடுத்துவிட்டு மச்சாளைப் போட்டோம். மகள் சலித்துக்கொண்டாள். "அம்மா, இட்ஸ் நொட் எ வெடிங் லிஸ்ட்" என்றாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.

தொடக்கத்தில் அவர் உண்மையைத்தான் அழுத்தினார். இரண்டாம் கிழமையில் ஒரு நாள் விழுங்குவதற்கு நாலோ ஐந்தோ போட்டிருக்கிறார். செம்மஞ்சள். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னர் மச்சாளின் கார் வாசலில் நின்றது. ஒரு வாளி இரசம், ஒரு பை ஓரேஞ்சு. புண்ணாகத் தொடங்கிய தொண்டைக்கு மிளகும் புளியும். கூடவே கோயில் நண்பி ஒருவர், அவருடைய கணவர், அவர்களுக்குத் துணையாக இன்னொருவர். வருத்தக்காரரைப் பார்க்கத் தனியாகப் போகக் கூடாதாம். நான் தேநீர் போட்டேன். வந்தவர்கள் இதே புண் வந்து யார் யார் எப்படிப் போனார்கள் என்பதை விளக்கமாகச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் கடைசியில் எப்படித் தண்ணீரும் இறங்காமல் கிடந்தார்கள் என்று சொல்லிவிட்டு, "நீங்கள் பயப்படாதேங்கோ அண்ணை" என்றார்கள். என் கணவர் "ஓம், ஓம்" என்று உபசாரமாகத் தலையாட்டினார்.

மறுநாள் தோல் சிவந்ததற்கு ஒரு ஐந்து. மெல்பேர்ன் தம்பி மதியத்திலிருந்து எனக்கு அழைத்துக்கொண்டே இருந்தான். தொட்டி எடுக்கப்படாத ஒரு பெண்மணி மறுமுனையில் விம்மிக்கொண்டிருந்ததால் என்னால் எடுக்க முடியவில்லை. கனடா டொக்டர் கற்றாழை பூசச் சொன்னார், தம்பியின் மனைவி மஞ்சள் பூசச் சொன்னாள், மருத்துவமனை எதையும் பூச வேண்டாம் என்றது. மாலையில் மச்சாள் கற்றாழையும் மஞ்சளும் கொண்டு வந்தார். நான் மறுபடி தேநீர் போட்டேன். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் குசினி கலியாண வீட்டுக் குசினிபோலத்தான் இருந்தது, மாப்பிள்ளை மட்டும் பட்டினி.

பிறகு ஒரு நாள் எல்லாம் பச்சையானது.

அடுத்த நாளும் பச்சை. அதற்கடுத்த நாளும். வருகை நின்றது, அழைப்பு நின்றது. குடும்பக் குழுவில் ஒரே கொண்டாட்டம். மெல்பேர்ன் தம்பி வங்கியொன்றில் தரவுகளோடு மல்லுக்கட்டும் வேலை செய்கிறான். அண்ணாவின் பச்சையை வைத்து ஒரு வரைபடமே போட்டான். கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. "எக்ஸலன்ற் ட்ரென்ட்" என்று கீழே எழுதியிருந்தான். பெருமை யாருக்குப் போவது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. மச்சாள் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரருக்கு வைத்த நேர்த்தி என்றார். கனடா டொக்டர் கற்றாழை என்றார். தம்பியின் மனைவி மஞ்சளை விட்டுக்கொடுக்கவில்லை. கதிர்வீச்சு இயந்திரத்துக்கோ அதற்குள் தினமும் பூட்டப்பட்டுக் கிடந்த மனிதருக்கோ யாரும் ஒரு நன்றி சொன்னதாக நினைவில்லை.

வாரத்துக்கு ஒரு தடவை மருத்துவரைப் பார்ப்போம். அவர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்குப் பிடித்துப் பார்ப்பார். "நன்றாகச் சிவந்திருக்கிறதே, வலி இல்லையா?" என்று கேட்பார். "நோ ப்ரொப்ளம்." திரையைப் பார்ப்பார், அங்கே பச்சை. "நீங்கள் எங்கள் நட்சத்திர நோயாளி" என்றார் ஒரு முறை. ஜூலைக் குளிர். எடை பார்க்கும்போது என் கணவர் கம்பளிச் சட்டை, தடித்த ஜாக்கெட், குளிர்காலச் சப்பாத்து எல்லாவற்றோடும் ஏறுவார். குளிருகிற மனிதரிடம் கழற்று என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்றார்கள்.

ஆனால் நான் கண்ணால் பார்க்கிற ஆளாயிற்றே. கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் கரண்டியால் கிண்டிக்கொண்டிருப்பார். நான் அறையை விட்டு வந்ததும் கோப்பை காலியாகும். குப்பைத் தொட்டியில் கஞ்சி கிடக்கும். சேர்ட்டின் கழுத்துப்பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கை போகும். பேச்சுக் குறைந்தது. முதலில் நல்ல அமைதி என்று நினைத்தேன், பிறகு அந்த அமைதி எனக்குப் பிடிக்காமல் போனது. தொலைக்காட்சியில் யாராவது தமிழைப் பிழையாக உச்சரித்தால்கூடத் திருத்தாமல் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னுக்கு அழைத்தேன். "அண்ணா சாப்பிடுறேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றேன்.

"அண்ணி, ஆப்பில பச்சையாத்தானே கிடக்கு."

"நான் ஆப்பைச் சொல்லேல்லை. ஆளைச் சொல்லுறன்."

"நீங்கள் பக்கத்தில இருக்கிறபடியால் உங்களுக்கு எல்லாம் பெரிசாத் தெரியுது. டேட்டா பொய் சொல்லாது. நீங்களும் கொஞ்சம் றெஸ்ற் எடுங்கோ."

மச்சாளிடம் சொன்னேன். அவர் தன் தொலைபேசியை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, அந்தச் சிரித்த முகத்தை எனக்குக் காட்டினார். "என்ர தம்பி சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறான். நீர் முகத்தை இப்பிடி வச்சுக்கொண்டு திரிஞ்சால் அவனுக்குச் சாப்பாடு இறங்குமே?" என்றார். மகளும் அதே பாட்டுத்தான், ஆங்கிலத்தில். தள்ளி இருக்கிறவர்களுக்கெல்லாம் என் கணவர் நல்ல சுகம். ஒரே கட்டிலில் படுக்கிற எனக்குத்தான் கண் பழுது. எனக்கு வந்த கோபத்தை எந்த எண்ணில் அழுத்துவது என்று அந்தச் செயலியில் ஒரு கேள்வி இருந்திருக்கலாம்.

இவ்வளவுக்கும் அவரிடமே கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டேன். "நோகுதோ?" "இல்லை." "விழுங்க ஏலுதோ?" "ஓம்." "அப்ப ஏன் சாப்பிடுறேல்லை?" "பசிக்கேல்லை." எங்கள் ஆண்களிடம் சுகம் விசாரிப்பதும் சுவரிடம் விசாரிப்பதும் ஒன்றுதான். சுவர் "நோ ப்ரொப்ளம்" என்று சொல்லாது, அதுதான் வித்தியாசம்.

அது ஒரு வியாழக்கிழமை. காலையில் குளியலறைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். தண்ணீர்க் குவளை தரையில் உருண்டு கிடந்தது. அவர் சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தார். விழவில்லையாம், தலை சுற்றியதால் இருந்துவிட்டாராம். வாயைக் கொப்பளிக்க எடுத்த உப்புத் தண்ணீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நாடியில் வழியவிட்டுக்கொண்டிருந்தார். உதடு வெடித்துப்போயிருந்தது. நான் துவாயை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் கையை நீட்டித் தொலைபேசியை எடுக்கிறார்.

ஆம்புலன்சுக்கு அழைக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. செயலி காலைக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. குளியலறைத் தரையில் இருந்துகொண்டு, நாடியில் எச்சில் வழிய, அவர் வலிக்கு ஒரு சிரித்த முகம் போட்டார். விழுங்குவதற்கு ஒன்று. வாய்க்கு, ருசிக்கு, தோலுக்கு, களைப்புக்கு. கடைசியில் மனநிலைக்கும் ஒன்று. ஏழு சிரித்த முகங்கள். மெல்பேர்னிலும் கனடாவிலும் பென்டில் ஹில்லிலும் அந்த நிமிடம் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் தொலைபேசியைப் பிடுங்கினேன்.

"என்னப்பா செய்யிறீங்கள்? உங்களுக்கு விசரே?"

அவர் தொலைபேசிக்குக் கையை நீட்டினார்.

"ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்தனீங்களோ? ஆரைப் பேய்க்காட்டுறீங்கள்? டொக்டரையோ? என்னையோ?"

அவருடைய குரல் அப்போது காற்றுப்போலத்தான் வரும். குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். குனிந்தேன்.

"நாலு போட்டால் அக்கா வருவா" என்றார். கொஞ்சம் மூச்சு எடுத்தார். "சனத்தைக் கூட்டிக்கொண்டு வருவா. நீர் வேலையால வந்து, உடுப்பும் மாத்தாமல், நிண்டபடி தேத்தண்ணி போடுறீர். பார்க்க ஏலாது எனக்கு." மறுபடி மூச்சு. "சைபர் போட்டால் ஒருத்தரும் வரமாட்டினம். நீர் கொஞ்சம் படுப்பீர்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வழக்கம்போலக் கோபம் முந்திக்கொண்டது. நான் படுப்பதற்காக இவர் பட்டினி கிடந்தாராம். பச்சை வந்த நாளிலிருந்து நான் ஒரு இரவாவது ஒழுங்காகக் கண்ணை மூடியிருந்தால்தானே. இந்தப் பெரிய பேச்சாளர், ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரம் பேசுகிறவர், அக்காவிடம் "வராதேங்கோ" என்ற ஒரு சொல்லைச் சொல்லத் துணிவில்லாமல் தொண்டையைப் பணயம் வைத்திருக்கிறார். நானும் என்ன, மூன்று பேருக்குத் தேநீர் இல்லை என்று சொல்லத் துணியாதவள்தான். இதையெல்லாம் சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லிக்கொண்டே துவாயால் அவர் வாயைத் துடைத்தேன். வெடித்த உதட்டில் பட்டதும் அவர் கண்ணை இறுக்கி மூடினார். ஆனால் சத்தம் வரவில்லை.

மருத்துவமனைக்கு அழைத்தேன். தாதி திரையைப் பார்த்துவிட்டு, "இன்று காலைகூட எல்லாம் நன்றாக இருக்கிறதே" என்றாள். தொட்டி எடுக்கவில்லை என்று அழைப்பவர்களிடம் நானும் இப்படித்தான் திரையைப் பார்த்துச் சொல்வேன், எடுத்ததாகத்தானே பதிவாகியிருக்கிறது என்று. அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. "உங்கள் திரை பொய் சொல்கிறது, நான் ஆளைக் கொண்டு வருகிறேன்" என்றேன். அவள் உடனே கூட்டிவரச் சொன்னாள்.

அங்கே அவரை ஜாக்கெட்டையும் சப்பாத்தையும் கழற்றவைத்து எடை பார்த்தார்கள். தாதி எண்ணைப் பார்த்தாள், தராசை ஒரு முறை சரிபார்த்தாள், மறுபடி ஏறச் சொன்னாள். பிறகு முகமூடியைக் கொண்டுவந்து முகத்தில் வைத்துப் பார்த்தார்கள். கன்னத்தில் இடைவெளி தெரிந்தது. எந்த முகத்துக்கு அளவெடுத்தார்களோ அந்த முகம் அங்கே இல்லை. சிகிச்சையை நடத்தும் இளைஞன் உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்றைக்கு இப்படியே கதிர் வைக்க முடியாது, மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்றான்.

மருத்துவர் வந்தார். நட்சத்திர நோயாளி என்று இம்முறை சொல்லவில்லை. புது முகமூடியும் புதுத் திட்டமும் விரைவாகச் செய்துவிடலாம், ஆனால் உடம்பு தேறாமல் முகம் இன்னும் வற்றிக்கொண்டே போனால் அதுவும் தளர்ந்துவிடும், நாள்கள் வீணாகும், அந்த நாள்களை இந்த நோய் திருப்பித் தராது என்றார். எவ்வளவு வலி என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுத்து விழுங்கவைக்கலாம், முடியாவிட்டால் குழாய் வைக்கலாம். தெரியாவிட்டால் குருட்டடிதான். இதைச் சொல்லிவிட்டு, தாதியை எங்களோடு விட்டுவிட்டுப் போனார்.

சாய்வுக் கதிரையில் என் கணவரைப் படுக்கவைத்து, போர்வை போட்டு, சேலைன் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரையில் இருந்தேன். கைப்பையை நிலத்தில் வைத்தேன். தாதி குனிந்து, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

அவர் உதட்டை அசைத்தார். வந்த காற்றில் எனக்கு விளங்கியது. "நொட் ரூ பாட், தாங்க்யூ. ஹவ் ஆர் யூ?"

நான் வாயைத் திறந்தேன். அவர் பட்ட பாட்டையெல்லாம் நானே சொல்லிவிடுவதாக இருந்தேன், எண்ணும் என்னிடம் தயாராக இருந்தது. தாதி என்னைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். "நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் சொல்லட்டும்" என்றாள். பிறகு அவரிடம் திரும்பினாள். "பேச வேண்டாம். பூச்சியத்திலிருந்து பத்துக்குள், விரலால் காட்டுங்கள். எனக்கு உண்மையான ஒரு எண் வேண்டும். அது இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதல் வரிசைக் கதிரைக்கு எழும்பச் சொல்லும் பார்வை அல்ல. அந்தப் பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போர்வைக்குள்ளிருந்து அவருடைய வலது கை வந்தது. எண்ணைக் காட்டத்தான் வருகிறது என்று நினைத்தேன். அது வந்து என் கையைப் பிடித்தது. ஊரறியக் கையைப் பிடிக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை, கலியாணத்தன்று ஐயர் பிடித்துக் கொடுத்ததோடு சரி.

சேலைன் ஏறிக்கொண்டிருந்த இடது கையை மெதுவாகத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். தாதி "ஐந்து" என்று சொல்லி போர்வைமேல் கிடந்த அவருடைய தொலைபேசியை எடுத்துச் செயலியைத் திறந்தாள். அவர் தலையை ஆட்டினார். விரல்களை மடக்கினார். அதே கையில் மறுபடி மூன்றை நீட்டினார். எட்டைக் காட்ட மற்றவர்களுக்கு இரண்டு கை வேண்டும். அவருடைய மற்றக் கை என் கையோடு இருந்தது. அதை அவர் விடவில்லை.

"எட்டு" என்றேன் நான். எத்தனையோ வருசம் கூட வாழ்ந்த பிறகு, அவர் எனக்குக் காட்டிய முதல் நோவு அது.

"எட்டு என்றால் எனக்கு வேலை இருக்கிறது" என்றாள் தாதி. வலியை எட்டுக்கு இழுத்துவிட்டு, மருந்து எடுத்துவர எழும்பினாள். மஞ்சள் முகம் வாயைக் கோணிக்கொண்டது, பச்சை சிவப்பானது. அடுத்த நிமிடம் நிலத்தில் கிடந்த கைப்பைக்குள் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நின்றது, மறுபடி அடித்தது. பென்டில் ஹில்லோ மெல்பேர்னோ கனடாவோ, தெரியாது. குனிந்து எடுப்பதென்றால் அவருடைய கையை விட வேண்டும். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.